தோற்கத் தெரிந்த சிக்கந்தரும் ஒரு தெற்காசியப் பட்டமும்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நாளாக ஒரு பிளெக்ஸ் தொங்குகிறது. நான்கு குத்துச்சண்டை வீரர்கள் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான்கு பேர் தோளிலும் பெல்ட். ஒருவர் ஆசிய சாம்பியன், ஒருவர் ஆசிய பசிபிக் சாம்பியன், மூன்றாமவர் கண்டங்களுக்கு இடையேயான சாம்பியன், நான்காமவர் இடைக்கால உலக சாம்பியன். நால்வரும் ஒரே எடைப் பிரிவு. என்னிடம் படித்து இப்போது உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் கணேசன் அதைப் படமெடுத்து அனுப்பி, இதில் யார் சார் நிஜமான சாம்பியன் என்று கேட்டிருந்தான். தெரியாதப்பா என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கேள்வி அனுப்பினான். இத்தனை பேர் ஜெயித்தவர்கள் என்றால் இவர்களிடம் தோற்றவர்கள் எல்லாம் எங்கே?

அதற்கு எனக்குப் பதில் தெரியும். அந்தத் தோற்றவர்களோடுதான் என் சனி ஞாயிறுகள் கழிந்தன. ஒருவர் அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியிலேயே இருக்கிறார்.

திருச்சுழிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடத்துக்கு வெளியே குத்துச்சண்டை ரெஃப்ரி. கல்லூரியில் படிக்கும்போது நானும் கொஞ்ச நாள் சண்டை போட்டேன். மூக்கு உடைந்தது. அதற்குப் பிறகு சண்டையின் மேல் ஆசை போகவில்லை, அடி வாங்கும் ஆசை மட்டும் போய்விட்டது. மதுரையில் ரெஃப்ரிக்கான பரீட்சை எழுதித் தேறினேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை, தேவசகாயம் சாரைத் தவிர.

அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். எங்களுக்கெல்லாம் தலைமை ரெஃப்ரி. உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்த ரெஃப்ரியை நாலு பேர் முன்னால் ஒரு சொல் சொல்லமாட்டார். எல்லாம் முடிந்த பிறகு வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுப்பார். அவர் டீக்குக் கூப்பிட்டாலே அன்றைக்கு எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்று அர்த்தம். பாதி டீ உள்ளே போனதும், "மூணாவது ரவுண்டுல நீங்க எங்க நின்னீக?" என்பார். சொல்லுவோம். "அங்க நின்னா அவன் முதுகுதான தெரியும்?" என்பார். அவ்வளவுதான். மீதி டீ இறங்காது.

கையுறையைச் சோதிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் இரண்டு கையாலும் மாவு பிசைவதுபோலப் பிசைந்து பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் விரல் முட்டியின் கடினம் வெளியே தெரிந்துவிடும். அப்புறம் மூக்கருகே கொண்டுபோய் முகர வேண்டும். தைலம் கியிலம் தடவியிருந்தால் எதிராளியின் கண்ணுக்கு ஆபத்து. கையில் சுற்றிய துணிக்கட்டை விரல் விரலாகப் பார்த்துவிட்டுத்தான் அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் மற்ற ரெஃப்ரிகளும் செய்வார்கள். அவர் கூடுதலாக ஒன்று செய்யச் சொல்வார். சண்டைக்கு முன்னால் இரண்டு வீரர்களின் அறைக்கும் போய் விதிமுறைகளைச் சொன்ன பிறகு, கிளம்பிவிடாமல் அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும். பஸ்ஸில் வந்தாயா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எதையாவது.

"அவன் நல்லா இருக்கப்ப எப்படிப் பேசுறான்னு கேட்டு வச்சுக்கங்க" என்பார். "அடி வாங்குனதுக்கு அப்புறம் டாக்டரு கண்ணப் பாப்பாக. நீங்க பேச்சக் கேளுங்க. ஆளுக்கு ஆள் பேச்சு வேறல்ல."

நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் ஓர் எடைப் பிரிவுக்கு மாநிலத்தில் ஒரே சாம்பியன். அவர் தோற்றால் அவரைத் தோற்கடித்தவர் சாம்பியன். சின்னப் பிள்ளைக்கும் புரியும். தொழில்முறைச் சண்டைகள் எங்கள் பக்கம் வந்த பிறகு கணக்கு மாறியது. பட்டம் கொடுக்கும் அமைப்புகள் பெருகின. ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு சாம்பியன். அவருக்குக் காயம் என்றால் ஓர் இடைக்கால சாம்பியன். காயம் ஆறிப் பழையவர் திரும்பி வந்தால் இருவரில் யாரையும் இறக்க மனம் வராமல் ஒருவருக்கு சூப்பர் சாம்பியன் என்று அடைமொழி. அதற்குக் கீழே வெள்ளிப் பட்டம், இளையோர் பட்டம், கண்டத்துக்கு ஒரு பட்டம். நடத்துகிறவர்களையும் குறை சொல்ல முடியாது. பெல்ட் இருந்தால்தான் டிக்கெட் போகும், சேனல்காரர்கள் வருவார்கள், ஜெயித்தவனை ஜீப்பில் ஏற்றி ஊர்வலம் விடலாம்.

மதுரையில் ஒரு முறை ஆறு சண்டைகளில் ஐந்துக்கு பெல்ட் இருந்தது. பெல்ட் இல்லாத சண்டையில் தூத்துக்குடிக்காரர் ஒருவர் ஜெயித்தார். அவர் கையை உயர்த்திப் பிடித்தேன். அவர் கையை இறக்காமல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சார், எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று காதோரம் கேட்டார். ஜெயித்துவிட்டீர்களே என்றேன். "அது தெரியுது சார்" என்றார்.

இத்தனை சாம்பியன்கள் உருவாக வேண்டுமென்றால் தோற்பதற்கு ஆள் வேண்டும். வளர்கிற வீரனுக்குப் பத்துப் பன்னிரண்டு வெற்றிகள் சேர்ந்தால்தான் பெல்ட் சண்டைக்குப் போகலாம். அந்த வெற்றிகளைக் கொடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். நான் சொன்ன பாளையம்பட்டிக்காரர், சிக்கந்தர் பாய், அவர்களில் ஒருவர். அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் லோடுமேன். இடையில் சில வருடம் துபாயில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். அங்கேயும் லீவு நாளில் சண்டைக்குப் போனார். அங்கேயும் தோற்றார். அவர் கணக்கில் வெற்றிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். தோல்விகள் முப்பதைத் தாண்டும்.

காசுக்கு விழுகிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய சண்டைகள் பலவற்றுக்கு நான்தான் ரெஃப்ரி, அதனால் சொல்கிறேன். வர வேண்டிய ஆள் வரவில்லை என்று சண்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் அவருக்கு போன் வரும். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு பஸ் ஏறுவார். எதிராளி அவரைவிட எடை கூடியவனாக இருப்பான். ஊர் அவனுடையது, கூட்டம் அவனுடையது. சிக்கந்தர் தன்னால் முடிந்ததைச் செய்வார். புள்ளிகளில் தோற்பார். அடியைத் தோளில் வாங்கித் திருப்பிவிடுவார், அடி போகும் திசையிலேயே தலையையும் கொண்டுபோவார், நெருக்கினால் எதிராளியின் இரண்டு கையையும் கக்கத்தில் பூட்டிக்கொள்வார். பூட்டிக்கொண்டு, "இரு தம்பி, இரு, எங்க ஓடப் போறேன்?" என்று அவனிடம் பேச்சுக் கொடுப்பார். அவனுக்கு எரிச்சல் வரும், எனக்குச் சிரிப்பு வரும்.

அத்தனை தோல்வியிலும் அவர் விழுந்து கிடக்க யாரும் பத்துவரை எண்ணி முடித்ததில்லை. இனித் தாங்கமாட்டார் என்று எந்த ரெஃப்ரியும் இடையில் நிறுத்தி, தோற்றதாக அறிவித்ததும் இல்லை. அவருடைய பெருமையே அதுதான். "என்னய எவனும் படுக்க வச்சதில்ல சார்" என்று அறிமுகமில்லாதவர்களிடமும் சொல்வார். ஏன் பாய் இன்னும் போகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "தோத்தாலும் அருப்புக்கோட்டை சிக்கந்தர்னு மைக்குல கூப்புடுறாக சார்" என்றார்.

அந்த அருப்புக்கோட்டையில் அவர் ஒரு தடவைகூடச் சண்டை போட்டதில்லை. அந்த வாய்ப்பு வந்தபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து அந்தச் சுற்றுவட்டாரத்தில் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர் ராஜாமணி. அவருடைய அக்கா மகன் விக்னேஷ் தோல்வியே காணாத வீரன். மருமகனுக்காக ராஜாமணி ஓர் அமைப்பைப் பிடித்துத் தெற்காசியப் பட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். பத்து ரவுண்டு. எதிராளியாக வர வேண்டிய ஹரியானாக்காரர் கடைசி நேரத்தில் வரவில்லை. வழக்கம்போல சிக்கந்தருக்கு போன் போனது. இது அவருடைய ஊர் என்பது ராஜாமணிக்குத் தோன்றவில்லை.

மதுரை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் போலீஸ் அனுமதி கிடைத்திருந்தது, அதனால் பகலிலேயே ஆரம்பித்தோம். பங்குனி வெயில். மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தன. வத்தல் கடை லோடுமேன்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சிக்கந்தரின் மனைவி ரஹ்மத்தும் மகள் ஷபானாவும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சண்டையை அவர்கள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

நான் அவர் அறைக்குப் போனேன். தேவசகாயம் சார் சொன்னபடி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சிக்கந்தரிடம் பேச்சுக் கொடுக்கவே தேவையில்லை. அது மண்டபத்தின் ஸ்டோர் ரூம். தன் தங்கச்சி கல்யாணத்துக்கு இதே அறையில்தான் அரிசி மூட்டையை இறக்கியதாகத் தொடங்கினார். பிரியாணி பற்றாமல் போனது, மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டது, மச்சான் போய்க் கடையில் பரோட்டா வாங்கி வந்தது என்று போய்க்கொண்டே இருந்தார். நடுவில் கையுறையைச் சோதித்தேன். கதை முடிவதற்குள் நான் எழுந்து வர வேண்டியதாயிற்று.

முதல் மூன்று ரவுண்டும் விக்னேஷ் கை ஓங்கியிருந்தது. நாலாவதில் வெயில் அவனைப் பிடித்தது. ஏசி போட்ட ஜிம்மில் பழகியவன். சிக்கந்தர் வருடமெல்லாம் தகரக் கூரைக்குக் கீழே வத்தல் நெடியில் மூட்டை தூக்குகிறவர். ஐந்தாவதில் அவர் முன்னேறி அடிக்கத் தொடங்கினார். அவர் முன்னேறி நான் பார்த்ததே இல்லை. ஆறாவதில் லோடுமேன்கள் நாற்காலியின் மேல் ஏறி நின்றார்கள். ஏழாவதில் விக்னேஷின் கால் பின்ன ஆரம்பித்தது. "இரு தம்பி, இன்னும் நேரம் கெடக்கு" என்று சிக்கந்தர் அவனைப் பிடித்து நிறுத்திப் பேசினார்.

எட்டாவது முடியும் தறுவாயில் விக்னேஷ் கண்ணை மூடிக்கொண்டு வீசிய ஒரு வலது கை சிக்கந்தரின் காதுக்கு மேலே பட்டது. பெரிய அடி என்று யாரும் சொல்லமாட்டார்கள். முழங்கால் லேசாக மடங்கி நிமிர்ந்தது. சிரித்தார். மணி அடித்தது.

ஒன்பதாவதிலும் அவர்தான் அடித்தார். கூட்டத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் அவர் பேசவில்லை. இருவரும் பின்னிக்கொண்டபோது பக்கத்திலேயே நின்றேன், ஒரு வார்த்தை வரவில்லை. "பிரேக்" என்று நான் சொன்னால் என் வாயைப் பார்த்துவிட்டுத்தான் விலகினார்.

ஒன்பதாவது முடிந்ததும் அவர் மூலைக்கு டாக்டரைக் கூப்பிட்டேன். இளம் வயதுப் பெண். நிதானமாகப் பார்த்தார். கண்ணில் விளக்கடித்தார், என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்டார். சிக்கந்தர் சரியாகச் சொன்னார். டாக்டர் என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "இப்ப கண்ணு சரியாத்தான் இருக்கு சார். அதை வச்சு உள்ளயும் சரியா இருக்குன்னு என்னால சொல்ல முடியாது. நிறுத்தணும்னு தோணுச்சுன்னா எனக்காகக் காத்திருக்காதீங்க" என்றார்.

நான் குனிந்து, "என்ன பாய், எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கேன் சார்."

சண்டைக்கு முன்னால் கதையை முடிக்கவே மாட்டாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர், மூன்று வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த கூட்டாளி கருப்பசாமி, "இன்னும் ஒரே ரவுண்டு சார்" என்றார். அதை அவர் கும்பிட்டுச் சொன்னார்.

பத்தாவது ரவுண்டு தொடங்கியது. சிக்கந்தர் இடது கையை நீட்டிக் குத்தினார். பட்டது. ஆனால் அந்தக் கை கன்னத்துக்குத் திரும்பாமல் இடுப்போடு நின்றது. மறுபடி குத்தினார். மறுபடி கை கீழேயே நின்றது. அவரை அத்தனை தோல்விகளிலும் காப்பாற்றியது அந்தக் கை கன்னத்துக்குத் திரும்புவதுதான். விக்னேஷுக்கு அதைப் பார்க்கவும் தெம்பில்லை. சிக்கந்தர் இடது காலை எடுத்து வைத்தார். கால் தரையை உரசிக்கொண்டு வந்தது.

நடுவில் புகுந்து இரண்டு கையையும் வீசி நிறுத்தினேன்.

 விக்னேஷ் தான் தோற்றுவிட்டதாக நினைத்துத் தன் மூலைக்குப் போய்த் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டான். அவனுடைய ஆட்கள் ஓடிப்போய் அவனை எழுப்பி, ஜெயித்தது நீதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சிக்கந்தர் என் முன்னால் நின்றார். கோபப்படவில்லை.

"நான் விழலயே சார்" என்றார்.

அதற்குள் நாற்காலிகள் பறக்க ஆரம்பித்தன. போலீஸ்காரர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். ஜட்ஜுகளின் கணக்கு பிறகு தெரிந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் சிக்கந்தரை முன்னால் வைத்திருந்தார்கள். அந்த ரவுண்டு முழுக்க அவர் நின்றிருந்தாலே போதும், பட்டம் அவருக்கு. பெல்ட்டை விக்னேஷின் இடுப்பில் கட்டினார்கள். டாக்டர் சிக்கந்தரை ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினார். ரஹ்மத் ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

தேவசகாயம் சார் அன்று மேற்பார்வைக்கு வந்திருந்தார். பின்வாசல் வழியாக என்னைக் கூட்டிப்போய் டீ சொன்னார். கேள்விக்காகக் காத்திருந்தேன். "எப்பத் தெரிஞ்சுச்சு?" என்று மட்டும் கேட்டார். ஒன்பதாவதில் பேச்சு நின்றுபோனதைச் சொன்னேன். தலையாட்டினார். அன்றைக்கு மீதி டீயையும் குடித்தேன்.

மதுரையில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். எதுவும் இல்லை. உள்ளே ரத்தம் மெல்லக் கசிந்தால் முதலில் தெரியாது என்று, சில வாரம் கழித்து தேவசகாயம் சார் வற்புறுத்தி இன்னொரு ஸ்கேன் எடுக்கவைத்தார். அதிலும் எதுவும் இல்லை. சிக்கந்தர் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஊருக்குக் கணக்கு நேராகிவிட்டது. ராஜாமணியிடம் பி.டி. சார் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார், இல்லையென்றால் ஜெயித்துக்கொண்டிருந்தவனை எதற்காக நிறுத்த வேண்டும்? திருச்சுழி டீக்கடையில் நான் போனால் பேச்சு நிற்கும். பள்ளிக்கூடச் சுவரில் யாரோ தெற்காசிய ரெஃப்ரி என்று கரியால் எழுதிவைத்தார்கள். தலைமை ஆசிரியர் அதை அழிக்கச் சொல்லிவிட்டு, என்ன சார் நடந்தது என்று தயங்கிக் கேட்டார். சொன்னேன். சரி சார் என்றார். நம்பினாரா என்று தெரியவில்லை.

இந்த வேலையில் இருக்கும் சங்கடம் இது. நிறுத்தாமல் விட்டு ஒருவன் விழுந்துவிட்டால் நாம் செய்தது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். நேரத்தில் நிறுத்திவிட்டால் அவன் எழுந்து நடந்து போவான், நன்றாகத்தானே நடக்கிறான் என்பார்கள். நம் பக்கத்தில் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. அந்த இடது காலை நான் பார்த்தேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

லோடுமேன்களின் கோபம் பிளாட் வியாபாரத்தைப் பாதிக்கும் என்று ராஜாமணி பயந்தார். பட்டம் கொடுத்த அமைப்போடு பேசினார். அவர்கள் சிக்கந்தருக்கென்றே தெற்காசிய மக்கள் சாம்பியன் என்று புதிதாக ஒரு பட்டத்தை உண்டாக்கினார்கள். பாளையம்பட்டியில் பாராட்டு விழாவுக்கு நாள் குறித்து மேடையும் போட ஆரம்பித்தார்கள். சிக்கந்தர் கருப்பசாமியிடம் சொல்லியனுப்பினார்: "ரெஃப்ரி பண்ணுனது அநியாயம். ஆனா சண்டையில நான் தோத்துட்டேன். தோத்ததுக்கு எதுக்கு பெல்ட்டு?" மேடையைப் பிரித்தார்கள். பட்டம் வீணாகவில்லை. அடுத்த மாதமே வேறு ஊரில் வேறொருவர் இடுப்பில் ஏறியது.

அதற்குப் பிறகு சிக்கந்தருக்கு போன் வரவில்லை. கடைசி ரவுண்டுவரை நிற்பார் என்பதற்காகத்தான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை நிறுத்தப்பட்ட ஆளை யார் கூப்பிடுவார்கள்? அவருடைய இன்னொரு தொழில் என் கையசைப்போடு முடிந்தது. அருப்புக்கோட்டை பஸ்ஸில் எதிர்ப்பட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். நானும் பேச முயலவில்லை. பேசினால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகும். கேட்க எனக்கு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம். தேவசகாயம் சார் விலகி, ரெஃப்ரிகளைப் போட்டிகளுக்கு ஒதுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது. ஒருநாள் மதிய இடைவேளையில் சிக்கந்தர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கூடவே ஷபானா. கல்லூரியில் சேர்ந்திருந்தாள். குத்துச்சண்டையில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாள் என்று சொன்னார். ரஹ்மத்துக்கு இதில் இஷ்டமில்லை என்றும் சொன்னார். வெயிலில் வந்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன்.

"ஆள் போடுற எடத்துல நீங்கதான் இருக்கீகளாமே சார்" என்றார். "இவ சண்டைக்கு நீங்க நிக்கணும்."

அது முடியாது, உங்கள் தொழில்முறைச் சண்டைகளைப்போல் இல்லை, மாநிலப் போட்டியில் வீரரும் ரெஃப்ரியும் ஒரே மாவட்டமாக இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"அப்ப உங்கள மாதிரி ஒருத்தரப் போடுங்க."

"என்னய மாதிரின்னா?"

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துற ஆளு சார்" என்றார்.

 அப்படியென்றால் அன்றைக்கு உங்களை நிறுத்தியது, என்று தொடங்கினேன். முடிக்க விடவில்லை.

"அது தப்புதான். நான் நின்னுருப்பேன். எப்பக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவேன். இது வேற."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அத்தா" என்றாள் ஷபானா.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் ரெஃப்ரியை அந்தச் சண்டைக்கு ஒதுக்கினேன். சண்டையை நிறுத்தத் தயங்காதவர். போட்டி நாளில் சிக்கந்தர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஷபானா நன்றாகச் சண்டை போட்டாள், புள்ளிகளில் தோற்றாள். நிறுத்த வேண்டிய அவசியம் வரவில்லை. மூன்று ரவுண்டும் நான் கவனித்தேன். சிக்கந்தர் மகள் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ரெஃப்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.